நேராகப் பார்த்தவர்

கண்ணாடியின் கால் ஒன்று உடைந்துபோனதால்தான் திலகா கோலா சிலாங்கூர் டவுனில் இருந்த கண்ணாடிக் கடைக்குப் போனாள். கண்ணில் ஏதாவது கோளாறு இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. தமிழ்ப்பள்ளி கேண்டீனில் சமைக்கிறவள் அவள். அரிசியில் கிடக்கும் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துப் போடுவாள். மகன் சரண் கைப்பேசியில் அனுப்பும் செய்திகளைத் தடுமாறாமல் படிப்பாள். கொஞ்ச நாளாக மேசை முனைகளில் இடுப்பை இடித்துக்கொண்டாள். குழம்புக் கரண்டி வைத்த இடத்திலேயே இருக்க, அதைத் தேடினாள். ஒரு தடவை ஓரமாக நின்ற பையன்மேல் மோதி அவன் கையிலிருந்த மீ கோரேங் நூடுல்ஸைக் கொட்டிவிட்டாள். அறுபது வயதானால் உடம்பு சொன்னபடி கேட்காதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடையில் இருந்த சீனப் பெண் சின்ன வயசுக்காரி. பவர் பார்த்துவிட்டு, தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் புஸ்ஸென்று காற்று ஊதும் இயந்திரத்தில் ஒரு தடவை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். விளக்கு வைத்துக் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, கண்ணாடி அப்புறம் செய்துகொள்ளலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மலாயில் சொல்லி, அங்கே காட்டுவதற்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தாள். உடைந்த காலை டேப் போட்டு ஒட்டிக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை. திலகாவுக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் கூட்டம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் பழைய தோட்டத்து ஆட்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வெயிலும் தூசியும் பட்டுப் பட்டு வெள்ளை விழியில் சதை வளர்ந்தவர்கள் இருந்தார்கள். இனிப்புநீர் நோய் முற்றிக் கண்ணுக்குள் இரத்தம் கசிந்தவர்களும் இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெரியவர் தெம்பாகப் பேசினார்.

"எனக்குப் புரைம்மா. எடுத்துட்டாங்க. நேத்து வரைக்கும் பனி மூட்டமா இருந்துச்சு. இனிமே பளிச்சுன்னு தெரியும்ங்கறாங்க. உனக்கு என்னா?"

"தெரியலங்க. கண்ணாடி மாத்தப் போனேன், இங்க அனுப்பிட்டாங்க."

"அப்ப புரையாத்தான் இருக்கும். பயப்படாத."

புரை இல்லை. சொட்டு மருந்து ஊற்றி, உட்கார வைத்து, ஒவ்வோர் இயந்திரமாகப் பார்த்தபின் டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டாள். பிரேமினி என்று சட்டையில் பெயர் இருந்தது. நிதானமாகப் பேசினாள்.

"ஆன்ட்டி, நம்ம கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சிக்கிட்டே இருக்கும். வடியறது சரியா இல்லன்னா உள்ள பிரஷர் ஏறும். அது கண்ணுக்குப் பின்னால இருக்கற நரம்பக் கொஞ்சங் கொஞ்சமா அழிச்சிரும். கிளாக்கோமான்னு சொல்லுவோம். உங்க எடது கண்ணுல நெறையப் போயிருச்சு. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு."

"எனக்கு வலிக்கவே இல்லையேம்மா."

"உங்களுக்கு வந்திருக்கற வகை வலிக்காது. அதனாலதான் யாரும் சீக்கிரம் வர்றதில்ல. ஓரத்துலேருந்து போவும். நடுவுல உள்ள பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும். பேப்பர் படிக்கலாம், ஊசில நூல் கோக்கலாம். ஆனா பக்கத்துல ஒரு ஆள் வந்து நின்னா தெரியாது."

"போனது திரும்ப வருமா?"

"வராது ஆன்ட்டி. இருக்கறத காப்பாத்தலாம். சொட்டு மருந்து தரேன். நல்லா இருக்குன்னு நெனச்சு ஒரு நாளும் நிறுத்தக் கூடாது." டாக்டர் கணினியில் எதையோ தட்டிக்கொண்டே கேட்டாள். "குடும்பத்துல யாருக்காச்சும் கண்ணுப் பிரச்சினை இருந்திச்சா? அம்மா, அப்பா?"

"இல்லம்மா. அம்மா கண்ணாடியே போட்டதில்ல. அப்பாவுக்கும் நல்ல கண்ணு. லயத்துக்கே அவருதான் பேப்பர் படிச்சுக் காட்டுவாரு. ஆனா..."

டாக்டர் தட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"ஆனா?"

"தடுக்கித் தடுக்கி விழுவாரு. குடிக்கிறாருன்னு சொன்னாங்க."

டாக்டர் பிரேமினி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். பார்க்காத ஆளைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். ஆனால் இந்த நோய் இரத்த உறவில் ஓடும், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் உடனே வந்து பார்க்க வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் திலகா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வழி நெடுகச் செம்பனை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் பக்கமெல்லாம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள்தான். அவர்கள் இருந்த தோட்டத்துக்கு இங்கிலீஷில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆட்கள் ஆத்தங்கரைத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். சிலாங்கூர் ஆறு அதன் பின்பக்கமாக ஓடியது.

அவள் அப்பா நாகமணி அங்கே டிராக்டர் ஓட்டினார். ரப்பர் பால் வெட்டும் வெட்டுக்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போவது, பகலில் பால் டாங்கியை ஸ்டோருக்கு இழுத்து வருவது அவருடைய வேலை. நாலு லயத்துக்கும் சேர்த்து அவருக்குத்தான் வாசிப்பு நன்றாக வரும். சாயங்காலம் குளித்துத் தலை சீவி, வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். பொடி எழுத்து விளம்பரத்தைக்கூட விட மாட்டார். சமையலை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்களும், பீடியோடு குந்திய ஆண்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த நாட்டில் சண்டை, எந்தத் தோட்டத்தில் வேலை நிறுத்தம், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் பாடினார்கள் என்பதெல்லாம் அவர் குரல் வழியாகத்தான் அந்த லயத்துக்கு வந்தது. திலகா அவர் முழங்காலில் சாய்ந்திருப்பாள். அந்தப் பனியனில் டீசல் வாசனையும் சவர்க்கார வாசனையும் கலந்திருக்கும்.

அந்த மனிதர்தான் பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கைபட்டுத் தட்டி விடுவார். காலையில் ஆட்களுக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்குப் போகும் வழியில் நிற்கும் சைக்கிள்களில் மோதுவார். திடலில் படம் போடும் நாட்களில், பிள்ளைகளெல்லாம் திரைக்கு முன்னால் சாக்கு விரித்து இடம் பிடித்தால், அவர் கடைசியில் தனியாக நிற்பார். "அங்கேருந்துதாம்மா முழுசாத் தெரியுது" என்பார். இருட்டுகிற நேரத்தில் எங்காவது போக வேண்டுமென்றால் திலகாவைக் கூப்பிட்டுக்கொள்வார். அவள் தோளில் கை வைத்து நடப்பார். மகள்மேல் அவ்வளவு பிரியம் என்று அம்மா சிரிப்பாள். திலகாவும் அப்படித்தான் நம்பினாள். அதற்காக மற்ற பிள்ளைகள் முன்னால் பெருமைப்பட்டாள்.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது டிராக்டர் கவிழ்ந்தது. விடிந்தும் விடியாத நேரம். பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குறுக்கே வந்த ரொட்டிக்காரரின் சைக்கிளுக்கு ஒதுங்கப் போய், டிராக்டர் வாய்க்காலுக்குள் இறங்கியது. தாயம்மா என்ற வெட்டுக்காரப் பெண்ணின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. நாகமணி குடித்துவிட்டு ஓட்டினார் என்று அன்று மத்தியானத்துக்குள் தோட்டமே பேசியது. சம்பள நாளில் அவர் கள்ளுக்கடைப் பக்கம் போவது பொய்யில்லை. "நான் குடிக்கல. சைக்கிள் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. கண்ணுல என்னவோ மறைக்குது" என்று அவர் சொன்னார்.

அதனால் அவரைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் கண் பார்த்தார். திலகா சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. அப்பா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை படித்தார். மறு கண்ணைப் பொத்திக்கொண்டும் படித்தார். டிரசர் தலையை ஆட்டினார். வெளியே வந்தபோது அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது.

"கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன்ம்மா. கண்ணுல ஒண்ணுமில்லையாம்."

கண்ணில் ஒன்றுமில்லை என்றால் குடிதான் காரணம் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கந்தையா கிராணி எழுதினார். தோட்டத்து மேனேஜர் துரை கையெழுத்துப் போட்டார். டிராக்டரை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நாகமணி புல்வெட்டப் போனார். அதற்குப் பிறகு உண்மையாகவே தினம் குடித்தார். பேப்பர் வாங்குவதை நிறுத்தினார். மூன்று வருடம் கழித்து ஒரு மழைநாள் அந்தியில், ஆற்றுப் பக்கம் பலகைப் பாலத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அன்று திலகா கூடப் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள்.

பஸ் டவுனுக்குள் நுழைந்தபோது எல்லோரும் இறங்கத் தயாரானார்கள். திலகா மட்டும் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேன்ம்மா. நடுவில் உள்ள பார்வை கடைசி வரைக்கும் நல்லா இருக்கும் ஆன்ட்டி. இரண்டு குரலும் ஒன்றையே சொன்னதுபோல் இருந்தது.

அவளுக்கு இரண்டு தம்பிகள். கடைசித் தம்பி பாலன் ரவாங்குக்குப் பக்கத்தில் சுங்கை சோவில் லோரி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். அப்பா இறந்தபோது அவன் கைக்குழந்தை. பெரிய தம்பி சுகுமாறன் கோலா சிலாங்கூரிலேயே, அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டினான். ஐம்பத்தாறு வயது. ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. யாராவது பீர் வாசனையோடு வீட்டுக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவான்.

அன்று சாயங்காலமே அவள் அவன் வீட்டுக்குப் போனாள். சுகுமாறன் அவளுடைய நோயைப் பற்றி அக்கறையாகத்தான் கேட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த அடுத்த தவணை நாளில் தானே கூட்டிப் போவதாகச் சொன்னான். அவனும் கண் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதும் முகம் மாறியது.

"எனக்கு எதுக்கு? நல்லாத்தான தெரியுது. முப்பது வருஷமா ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல."

"எனக்கும் நல்லாத்தாண்டா தெரிஞ்சிச்சு. இது குடும்பத்துல ஓடுமாம்."

"போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லி லைசன்ஸ புடுங்கிட்டா நான் என்னா பண்றது? நீ வச்சு சோறு போடுவியா?"

அவன் மனைவி லோகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "போயிப் பாத்துட்டுத்தான் வாங்களேன். பாக்கறதுல என்னா இருக்கு" என்றாள். அவன் அவளையும் முறைத்தான்.

"தம்பி, அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கும்னு நெனக்கிறேன்" என்றாள் திலகா.

சுகுமாறன் கோப்பையைக் கீழே வைத்தான். "அந்தாளுக்கு இருந்தது கள்ளு. வேற ஒண்ணுமில்ல."

"அவருக்குக் கண்ணு..."

"அக்கா, விட்டுரு. பள்ளிக்கூடத்துல என்னைக் குடிகாரன் மவன்னு கூப்புடுவானுங்க. அதையும் பொறுத்துக்கிட்டேன். அதுக்கும் முந்தி, ஆயா பாத்துக்கற சின்னப் புள்ளையா இருந்தப்ப, தெனமும் ஆயாக் கொட்டகை வேலி ஓரமா நிப்பேன். அந்தாளு டிராக்டர்ல வர்றப்போ கையக் காட்டுவேன். மத்த டிரைவருங்க தன் புள்ளைங்களுக்கு ஹார்ன் அடிச்சிட்டுப் போவாங்க. இவரு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னைத் திரும்பிப் பாத்தது கெடையாது. நேராப் பாத்துக்கிட்டே போயிருவாரு. அப்ப டிராக்டர் கவுறவும் இல்ல, அவரு தெனமும் குடிக்கவும் இல்ல. அப்பவும் மகன்னு ஒருத்தன் இருக்கறதே அவருக்குத் தெரியாது."

இவ்வளவு வருடத்தில் அவன் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்கப்புறம் சில வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆனாலும் தவணை நாளில் சுகுமாறன் சொன்னபடி தன் காடியை ஓட்டிவந்து வாசலில் நின்றான். ஆஸ்பத்திரியில் எண் வாங்கிக் கொடுத்து அவளை உட்கார வைத்தான். காலையில் அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்து, கீழே போய் ரொட்டியும் மைலோவும் வாங்கி வந்தான்.

அவளுடைய இடது பக்கமாக வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மைலோவை நீட்டினான். திலகா எண் மாறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நீட்டியபடி இருந்தான். அவள் திரும்பவில்லை. கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். அவனுக்கும் ரோசம் வந்தது. கூப்பிடாமல் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனான். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கோபமாக இருக்கிறவர்கள் முகத்தை வேண்டுமென்றே அசையாமல் வைத்திருப்பார்களே, அந்த இறுக்கமும் இல்லை. பக்கத்தில் யாருமே இல்லாதவள்போல உட்கார்ந்திருந்தாள். தன் சேலை முந்தானையைத் தடவி விட்டுக்கொண்டாள். கொட்டாவி விட்டாள்.

எதிரே இருந்த மலாய் அம்மா பார்த்துவிட்டு, பக்கத்தைப் பார் என்று திலகாவுக்குக் கைகாட்டினாள். திலகா தலையை முழுக்கத் திருப்பினாள். திடுக்கிட்டாள்.

"எப்படா வந்த?"

"இப்பத்தான்" என்றான் சுகுமாறன்.

அவள் மைலோவை வாங்கிக் குடித்தாள். சுகுமாறன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். தரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டான்.

"அக்கா, டிராக்டர் ஸ்டோர்லேருந்து வர்றப்ப, ஆயாக் கொட்டகை எந்தப் பக்கம் இருக்கும்?"

திலகா யோசித்தாள். ஸ்டோர், கோயில், பெரட்டுக் களம், அப்புறம் கொட்டகை. "எடது பக்கம்" என்றாள். சொன்ன பிறகுதான் அவன் எதற்குக் கேட்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவன் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனான். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. அதற்குள் நர்ஸ் திலகாவைப் பார்வைப் பரப்புச் சோதனைக்குக் கூப்பிட்டாள். வெள்ளைக் கிண்ணம் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். எங்கேயாவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கதவருகே நின்ற சுகுமாறனுக்கு அந்தப் பொத்தானின் சத்தம் கேட்டது. டிக், டிக் என்று வரும். பிறகு நெடுநேரம் வராது. வெளிச்சம் மின்னாமல் இருந்ததா, அக்காவுக்குத் தெரியாமல் போனதா என்பது அவனுக்குத் தெரியவில்லை. அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது.

டாக்டர் பிரேமினி திரையில் படத்தைக் காட்டினாள். இடது கண்ணில் நடுவே கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. வலது கண்ணில் மூக்குப் பக்கம் ஒரு கறுப்புத் திட்டு. மருந்து வேலை செய்கிறது, பிரஷர் இறங்கியிருக்கிறது, இப்படியே காப்பாற்றலாம் என்றாள்.

"இவரு என் தம்பி" என்றாள் திலகா.

"எனக்கும் பாக்கணும் டாக்டர். பஸ் ஓட்டுறேன். அப்பாவுக்கு..." சுகுமாறன் அங்கே நிறுத்தி, வேறு மாதிரி முடித்தான். "அக்காவுக்கு இருக்கறதால."

அடுத்த வாரத்தில் அவனுக்கு நாள் கொடுத்தார்கள். அந்த ஒரு வாரமும் அவன் பஸ் ஓட்டும்போது தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான் என்று லோகேஸ்வரி பிறகு சொன்னாள். சோதனையில் அவனுடைய பார்வைப் பரப்பு முழுசாக இருந்தது. ஆனால் கண் பிரஷர் அதிகம். நரம்பில் தேய்மானம் தொடங்கியிருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க, அங்கிள்" என்றாள் டாக்டர். "பார்வை இன்னும் போகல. மருந்த ஒழுங்காப் போட்டு, தவணை தவறாம வந்தீங்கன்னா வண்டி ஓட்டலாம். வராம விட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வருவேன்" என்றான்.

தாயம்மாவைப் பார்க்கப் போகலாம் என்று சொன்னது சுகுமாறன்தான். தோட்டம் விற்கப்பட்டபோது அவள் மகனோடு பெஸ்தாரி ஜெயாவுக்குப் போயிருந்தாள். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயர்தான் இவர்களுக்கு இன்னும் வாயில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழங்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். எண்பதைத் தாண்டிய கிழவி, ஒரு கால் குட்டையாகி, கைத்தடியோடு வாசலுக்கு வந்தாள். யாரென்று சொன்னதும் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாகமணி புள்ளைங்களா" என்றாள். "உள்ள வாங்க."

பழைய ஆட்களைப் பற்றிப் பேசினார்கள். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள். முனியாண்டி கோயில் திருவிழாவில் ஆற்றிலிருந்து கரகம் எடுத்து வருவது, பால் எடுத்து முடித்ததும் ஸ்டோர் குழாயடியில் கை கழுவ நடக்கும் சண்டை, வேலை முடிந்து வரும்போது பெண்கள் டிராக்டரில் பாட்டுப் பாடுவது. "உங்கப்பன் பாட்டுக் கேக்கணும்னே மெதுவா ஓட்டுவாரு" என்று தாயம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை திலகா பொறுத்திருந்தாள்.

"பெரியம்மா, அன்னிக்கு அப்பா குடிச்சிருந்தாரா?"

தாயம்மா கைத்தடியின் பிடியைத் தேய்த்தாள்.

"மொத நாளு ராத்திரி குடிச்சாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத சொல்லக் கூடாது. அன்னிக்குப் பனி. நாங்க பின்னால ஒசரத்துல உக்காந்திருந்தோம். ரொட்டி பாய் எடதுபக்கச் சந்துலேருந்து சைக்கிள்ல எறங்கி வர்றது எங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிச்சு. நாங்க எல்லாம், நாகமணி சைக்கிளு, சைக்கிளுன்னு கத்துனோம். அவருக்குக் காதுல விழுந்துச்சு. எங்க, எங்கன்னு கேட்டாரு. தலைய இப்புடியும் அப்புடியும் திருப்புறாரு. பாய் கிட்டத்துலயே வந்துட்டாரு, அப்பவும் எங்கன்னுதான் கேக்கறாரு. அப்புறம் பாத்தாரு. ஒடிச்சாரு. வாய்க்கால்ல எறங்கிருச்சு."

சுகுமாறன் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டான். "இத ஏன் யாருகிட்டயும் சொல்லல, பெரியம்மா?"

"யாருய்யா எங்களக் கேட்டா? நான் கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள எல்லாம் எழுதி முடிச்சிட்டாங்க." அவள் குட்டையான காலை நீவிக்கொண்டாள். "அப்புறம் எனக்கும் கோவம். நடந்துக்கிட்டிருந்த கால் போயிருச்சு. குடிகாரன்னு ஊரே சொன்னப்ப, திட்டறதுக்கு ஒரு ஆளு கெடச்ச மாதிரி எனக்கும் சௌரியமா இருந்துச்சு. இப்ப எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க?"

திலகா தன் நோயைச் சொன்னாள். தம்பிக்குக் கண்டுபிடித்ததைச் சொன்னாள். பக்கப் பார்வை போய், நடுப்பார்வை மட்டும் இருக்கும் என்பதைத் தன் இரண்டு கைகளையும் கண்ணோரம் வைத்துக் காட்டினாள். தாயம்மா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தானும் அதே மாதிரி கைகளைக் கண்ணோரம் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு நேரே சுகுமாறன் மட்டும் தெரிந்திருப்பான்.

"ஐயோ பாவமே" என்று மெல்லச் சொன்னாள். "இப்புடியா ஓட்டுனாரு எங்கள வச்சிக்கிட்டு." கைகளை இறக்கியபோது அவள் கண் கலங்கியிருந்தது. பயந்தா, இரங்கியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. விடைபெறும்போது சுகுமாறன் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். முறிந்த காலை.

இருவரும் திலகாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சொட்டு மருந்து போடும் நேரம். சுகுமாறனுக்குத் தானே போட்டுக்கொள்ளத் தெரியவில்லை. மருந்து கன்னத்தில் வழிந்தது. திலகா அவனை நாற்காலியில் சாய வைத்து, கீழ் இமையை இழுத்து, ஒரு சொட்டு விட்டாள்.

"எரியுது."

"எரியும். கண்ண மூடிக்கிட்டு மூக்கோரத்த அமுக்கிக்க. தொறக்காத."

அவன் கண்ணை மூடியபடியே கேட்டான். "பாலனுக்குச் சொல்லிட்டியா?"

"சொன்னேன். பாக்கலாம் பாக்கலாம்ங்கறான்."

சுகுமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். மறுமுனையில் இரும்பு தட்டும் சத்தத்துக்கு நடுவே பாலன் பேசினான்.

"என்னாண்ணே?"

"நாளைக்குப் பட்டறைய மூடிட்டுப் போயிக் கண்ணப் பாரு."

"அக்கா சொன்னுச்சு. எனக்கு நல்லாத்தான் லா தெரியுது."

"எனக்கும் நல்லாத்தான் தெரிஞ்சிச்சு. இப்ப மருந்து ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். இது பரம்பரையா வர்றது. நம்ம அப்பாவுக்கு இருந்துச்சு."

இரும்புச் சத்தம் நின்றது. "அப்பாவுக்கா? அப்பா குடிச்சுத்தான்..."

"குடிச்சாரு. அது பின்னால. மொதல்ல கண்ணுதான் போச்சு. யாருக்கும் தெரியல, அவருக்கும் தெரியல. நீ டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு, எங்கப்பாவுக்கு இருந்துச்சுன்னு. உன் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போ."

"ரவாங்லயே பாக்கலாமா?"

"எங்கயாச்சும் பாரு. ஆனா பாரு."

பாலன் சரி என்றான். ஆனால் போனை வைக்கவில்லை. திலகா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து மேசையருகே நின்றாள்.

"அண்ணே" என்றான் பாலன். "அப்பா எப்படி இருப்பாரு? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. நீங்க யாரும் சொன்னதே இல்லையே."

சுகுமாறன் அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல ஒசரமா இருப்பாரு" என்று தொடங்கினான் சுகுமாறன்.